கடைக்கு ஒரு நாள் விடுமுறை: குடும்பத்தோடு தரங்கம்பாடி போய் வருவோம்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மில் பலர் ஆண்டில் முழுதாகக் கடையை அடைப்பது மே 5 வணிகர் தினத்தன்று மட்டுமே. அன்றும் நாம் மாநாட்டுக்குப் போய்விடுகிறோம். குடும்பத்தார் வீட்டில்தான் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறை வந்தால் நம் பிள்ளைகள் பொட்டலம் மடிக்கக் கடைக்கு வருகிறார்கள். வீட்டுப் பெண்களோ சமையலும் பார்த்து, நாம் சாப்பிடப் போகும் நேரத்தில் கல்லாவிலும் உட்காருகிறார்கள். இவர்களுக்கும் ஒரு நாள் உண்டு என்பதை நாம் மறந்து போகிறோம்.

"வெளியூர் போனால் வாடிக்கை போய்விடும், கல்லாவை யாரிடம் விடுவது, செலவுக்கு எங்கே போவது" என்ற மூன்று கேள்விகளே நம்மைக் கட்டிப் போடுகின்றன. மூன்றுக்கும் வழி உண்டு. காலையில் போய் இரவில் திரும்பக்கூடிய ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, சரக்குக் கொள்முதலுக்குத் திட்டமிடுவது போலத் திட்டமிட்டால் போதும். அத்தகைய ஊர்களில் ஒன்று தரங்கம்பாடி.

ஏன் தரங்கம்பாடி?

டென்மார்க் நாட்டைப் பார்க்கக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. மிளகு வாணிபத்துக்காக வந்த டேனிஷ்காரர்கள் 1620ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு இங்கே கோட்டை கட்டினார்கள். 1845இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். சுருக்கமாகச் சொன்னால், நாம் இன்று விற்கும் மிளகுக்காக உருவான ஊர் இது.

வணிகர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை ஒன்றும் இங்கே உண்டு. 1640க்கு முன்பின்னாக டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவது நின்று போயிற்று. அங்கே கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். இங்கிருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராக இறந்து, கடைசியில் கோங்ஸ்பாக்கே என்ற ஒருவர் மட்டுமே மிஞ்சினார். 1669இல் கப்பல் வந்து சேரும் வரை அவர் கோட்டையைக் கைவிடவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து சரக்கே வராமல் கடையைத் திறந்து வைத்திருந்த கதைதான். அவர் கையாண்ட வழிகளில் பிறர் கப்பலைப் பிடிப்பதும் ஒன்று; அது நமக்கு வேண்டாம். விடாப்பிடி மட்டும் போதும்.

எந்த நாள்?

மாதத்தின் முதல் பத்து நாட்கள் சம்பளக்காரர்களின் மளிகைப் பட்டியல் வரும் நாட்கள். மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வோருக்கு 11, 20 ஆகிய தேதிகளில் வேலை இருக்கும். எனவே 20க்குப் பின், அடுத்த மாதம் பிறக்கும் முன் வரும் ஞாயிற்றுக்கிழமையே நமக்கு ஏற்றது. பிள்ளைகளுக்கும் பள்ளி இராது.

ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கடற்கரையில் மழையும் புயலும் வரும், தவிர்க்கவும். கத்திரி வெயிலில் கோட்டை மேல் நிற்க முடியாது. பொங்கல் விற்பனை முடிந்து கடை சற்று ஓய்ந்திருக்கும் ஜனவரிக் கடைசி வாரமும் பிப்ரவரிக் கடைசி வாரமும் சிறந்தவை. வெள்ளிக்கிழமையில் கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதை நினைவில் கொள்ளவும்.

கடைக்குச் செய்ய வேண்டிய ஏற்பாடு

மூன்று நாள் முன்னதாகவே "ஞாயிறு கடை விடுமுறை, திங்கள் காலை வழக்கம்போல்" என்று பலகை எழுதி வைத்துவிட வேண்டும். வாடிக்கையாளர் சனிக்கிழமையே வாங்கிக் கொள்வார். சொல்லாமல் அடைத்தால்தான் கோபம் வரும். பால், தயிர், தக்காளி ஆகியவற்றை ஞாயிறுக்கு எடுக்காமல் விநியோகிப்பவரிடம் முன்பே சொல்லிவிடவும்.

கடையை மூட மனம் வராதவர்கள் பக்கத்துக் கடைக்காரருடன் முறை வைத்துக் கொள்ளலாம். இந்த மாதம் நாம் போகும்போது அவர் நம் பால் வாடிக்கையைப் பார்த்துக் கொள்வார். அடுத்த மாதம் அவர் குடும்பம் போகும்போது நாம் பார்த்துக் கொள்வோம். பணியாளிடம் விட்டுப் போனால் கடன் நோட்டைப் பூட்டி வைத்து, அன்று ரொக்கத்துக்கும் ஸ்கேன் செய்து கட்டுவோருக்கும் மட்டும் விற்கச் சொல்வது நல்லது. பணியாளுக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் சொல்கிறது. ஆகவே கடையை அடைத்தால் அவர் வீட்டிலும் மகிழ்ச்சிதான்.

போகும் வழி

விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி, ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி ஏறக்குறைய 150 கிலோமீட்டர். திண்டிவனத்தார் புதுச்சேரி, கடலூர் வழியாக வந்தால் சுமார் 160 கிலோமீட்டர். விடியற்காலை 5 மணிக்கு வண்டி கிளம்பினால் சிதம்பரத்தில் காலைச் சிற்றுண்டி முடித்து, ஒன்பதரைக்குள் ஊர் போய்ச் சேரலாம்.

பேருந்தில் போவோர் கடலூரிலோ புதுச்சேரியிலோ காரைக்கால், நாகப்பட்டினம் வண்டிகளைப் பிடிக்கலாம். அவை தரங்கம்பாடி வழியாகப் போகின்றனவா என்று ஏறும்போது கேட்டுக்கொள்ளவும். ரயிலில் போவோர் விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை சென்று, அங்கிருந்து பேருந்தில் சுமார் 30 கிலோமீட்டர் போக வேண்டும். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் போட்ட ரயில் பாதை 1980களில் மூடப்பட்டுவிட்டது.

அங்கே பார்க்க வேண்டியவை

ஊர் சிறியது, நடந்தே பார்க்கலாம். 1792இல் கட்டிய நகர வாயிலில் தொடங்கி ராஜ வீதி வழியாகக் கடற்கரைக்குப் போகவும். முதலில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் கட்டியது. இதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

அடுத்து டேனிஷ் கோட்டை. கீழ்த்தளத்தில் சரக்கு அறைகளும் சிறையும், மேல்தளத்தில் ஆளுநர் குடியிருப்புமாக இருந்தது. மேலே வீடு, கீழே குடோன் என்ற இந்த அமைப்பு நம் கடைத்தெருவுக்குப் புதிதல்ல. உள்ளே உள்ள அருங்காட்சியகத்தில் சீனத் தேயிலை ஜாடிகள், வாள்கள், பீரங்கிக் குண்டுகள், திமிங்கில எலும்பு ஆகியவற்றைப் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பார்கள்.

ஞாயிறு காலையில் தேவாலயங்களில் வழிபாடு நடக்கும். அது முடிந்த பின் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தைப் பார்க்கலாம். 1706இல் வந்த சீகன்பால்கு இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் காலத்தில்தான் 1713 முதல் இவ்வூரில் தமிழ் நூல்கள் அச்சாயின. பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் அமைத்தார்கள்.

கடலில் குளிக்க வேண்டாம். அலையும் பாறையும் ஆபத்தானவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உயிர்களை இழந்த ஊர் இது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, கரையிலேயே உட்கார வையுங்கள்.

உணவுக் கடைகள் குறைவு. புளிச்சோறும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போவது நல்லது. மாலையில் திரும்பும் வழியிலேயே திருக்கடையூர் அபிராமி அம்மனைத் தரிசிக்கலாம். பெற்றோருக்கு அறுபது, எண்பது நிறைவு அங்கே நடத்த எண்ணியிருப்போர் அன்றே நேரில் விசாரித்து வரலாம். இரவு பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடலாம்.

செலவு

நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தனி உண்டியலில் போட்டால் நூறு நாளில் 5,000 ரூபாய் சேரும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் வாடகை பங்காகிவிடும். வாடகை, டீசல், சுங்கக் கட்டணம், ஓட்டுநர் படி ஆகியவை யார் பொறுப்பு என்பதை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதில் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தரங்கம்பாடியின் துறைமுகத்தில் இன்று வாணிபம் இல்லை. 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ரயில் சந்திப்பால் வளர்ந்த விழுப்புரத்து வணிகர்கள் இதைப் பிள்ளைகளோடு நேரில் பார்த்துப் பேச வேண்டும். நாளை நம் கடையில் உட்காரப் போகிறவர்கள் அவர்கள்தானே! இன்று இரவு கடை கட்டியதும் நாட்காட்டியை எடுத்து, வீட்டாரையும் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிடுங்கள்.