மேசைமேல் ஒரு பீரங்கி

பங்சாரில் ஒரு வீடு. இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது. பள்ளியில் படிக்கும் மகன் மேசைமேல் பச்சைத் துணியை விரிக்கிறான். அட்டையால் ஒரு சாலை அமைக்கிறான். இருபுறமும் ரப்பர் மரங்களை நடுகிறான். சாலை வளைவில் விரலளவுப் பீரங்கி ஒன்றை வைக்கிறான். “இந்த வயதில் என்னப்பா பொம்மை விளையாட்டு?” என்கிறார் தந்தை. நியாயமான கேள்விதான். விடையைச் சற்று ஆராய்வோம்.

இத்தகைய பீரங்கி பெரும்பாலும் தனித்தனித் துண்டுகளாகவே பெட்டியில் வருகிறது. பிளாஸ்டிக் சட்டத்தில் இணைந்திருக்கும் குழல், கேடயத் தகடு, சக்கரம், கால்கள் ஆகியவற்றை நறுக்கியெடுத்து, அரத்தால் தேய்த்து, பசையிட்டுச் சேர்க்க வேண்டும். இந்தப் பசை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சிறிது கரைத்து, இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடுகிறது.

பையன் செய்திருப்பது ‘டூ பவுண்டர்’ என்னும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கி. ஏறக்குறைய இரண்டு ராத்தல் எடையுள்ள குண்டைச் சுடுவதால் அந்தப் பெயர். குழலின் உள்விட்டம் 40 மில்லிமீட்டர். சக்கரங்களைக் கழற்றி மூன்று கால்களை விரித்துவிட்டால், எத்திசைக்கும் குழலைத் திருப்பலாம். கைப்படப் பொருத்திய பையனுக்கு அதன் காரணமும் புரிந்துவிடுகிறது.

உருவம் உண்மையில் 72இல் ஒரு பங்கு. ஆறடி மனிதன் இரண்டரை சென்டிமீட்டர் ஆகிறான். ஆனால், தூரத்தையும் அவ்வாறே சுருக்கினால், 720 மீட்டருக்குப் பத்து மீட்டர் நீள மேசை வேண்டும்! ஆகவே, விளையாட்டு விதிகள் தூரத்தை இன்னும் அதிகமாகச் சுருக்குகின்றன. குண்டு படுமா, படாதா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கிறது. போரில் தற்செயலுக்கும் பங்குண்டல்லவா? 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய இராணுவ அதிகாரிகள் இவ்வகை விளையாட்டை ஒரு பயிற்சியாகவே கொண்டிருந்தனர்.

பையன் அமைத்திருக்கும் சாலை கற்பனையன்று. ஜொகூரில், மூவாரை அடுத்த பாக்ரி சாலை அது. 1942 ஜனவரி 7ஆம் நாள், சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் சாலை வழியே பாய்ந்து, இரண்டு இந்திய பிரிகேடுகளைச் சிதறடித்திருந்தன. பதினொரு நாள் கழித்து, பாக்ரியில் ஒன்பது டாங்கிகள் காலாட்படைத் துணையின்றி வந்தன. ஆஸ்திரேலியரின் இரண்டு டூ பவுண்டர்கள் அங்கே காத்திருந்தன. டாங்கிகளின் கவசம் 12 மில்லிமீட்டர் கனத்துக்கு மேற்பட்டதன்று. ஒன்பதும் அழிந்தன. ஆயுதம் இருந்தால் போதாது. அது உரிய இடத்தில், உரிய வேளையில் இருக்க வேண்டும். மேசை கற்பிக்கும் பாடம் இது.

ஆனால், மேசை காட்டாதது ஒன்றுண்டு. பாக்ரியில் டாங்கிகளை வென்ற படை விரைவில் சுற்றிவளைக்கப்பட்டது. அதனுடன் போதிய பயிற்சி பெறாத இளைஞர்கள் நிறைந்த 45ஆவது இந்திய பிரிகேடும் இருந்தது. பாரிட் சூலோங் பாலத்தைக் கடக்க முடியாமல், நடக்க இயலாத காயம்பட்டோரை விட்டுவிட்டு மற்றவர்கள் காட்டு வழியே பிரிந்து சென்றனர். விடப்பட்ட ஆஸ்திரேலியரும் இந்தியருமாகச் சுமார் 150 பேரை ஜப்பானியர் கொன்றனர். உயிர் தப்பியோர் மிகச் சிலரே.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைப் போருக்கு விதிகள் வகுத்து 1913இல் நூல் வெளியிட்டார். சிலமுறை விளையாடினாலே உண்மைப் போர் எத்தனை தவறுகள் நிறைந்தது என்பது விளங்கிவிடும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளை அந்தப் பீரங்கியை ஒட்டட்டும், வண்ணம் தீட்டட்டும். விளையாட்டு முடிந்ததும், விழுந்த வீரர்களை அவன் எடுத்துப் பெட்டியில் வைப்பான். நாளை அவர்கள் மீண்டும் எழுந்து நிற்பார்கள். பாரிட் சூலோங்கில் விழுந்தவர்கள் எழவில்லை என்பதை, அந்த வேளையில் அவனருகே அமர்ந்து சொல்லுங்கள்.