பழைய ஸ்டீரியோ ஸ்பீக்கரும் புதிய கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் வாங்கி வீட்டில் வைத்த ஒரு வாரத்திற்குள் பெரும்பாலானவர்கள் கேட்கும் கேள்வி, "இதுக்கு எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?" என்பதுதான். லேப்டாப்பிற்குள் இருக்கும் ஸ்பீக்கர் ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றுப் பெரிதாக இருக்கும். அதில் பாட்டுக் கேட்டால் தபேலாவும் தட்டு தட்டுவதும் ஒன்று போலத்தான் ஒலிக்கும். கடைக்குப் போனால் "2000 வாட்ஸ்" என்று அச்சடித்த பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி வேறு. "உங்க வீட்டுல பழைய ஸ்டீரியோ செட் ஏதாவது இருக்குதுங்களா?"

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு "இருக்குதுங்க, ஆனா மூட்டை கட்டி வெச்சிருக்கோம்" என்று பதில் சொன்னவர்கள் பலர். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொடங்கியது யூ.எம்.எஸ். நிறுவனம். அதே யூ.எம்.எஸ். பெயரில் கோவையிலேயே ரேடியோக்களும், பின்னாளில் ஸ்டீரியோ செட்டுகளும் தயாராயின. ஊரில் தயாரான செட் என்பதால் இந்தப் பக்கத்து வீடுகளில் அதற்குத் தனி மரியாதை உண்டு. ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்து, கேசட்டில் பாட்டுப் பதிந்து வந்து கேட்ட தலைமுறைக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மலர்ந்துவிடும். இளையராஜாவின் "பிரியா" (1978) பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அதை ஸ்டீரியோ செட்டில் கேட்டவர்கள் இன்றும் அதைப் பற்றி நிறுத்தாமல் பேசுவார்கள்.

பொள்ளாச்சியில் எங்கள் அப்புச்சி வீட்டிலும் அப்படி ஒரு யூ.எம்.எஸ். செட் மர ஸ்பீக்கர்களோடு இருக்கிறது. வீட்டை வெள்ளையடிக்கும்போது அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்று பேச்சு வந்தது. "ஏங்கண்ணு, இது இனிமேப் பாடுமா?" என்று என்னிடம் கேட்டார். "பாடுமுங்க அப்புச்சி, கம்ப்யூட்டர்ல இருந்தே பாட வைக்கலாமுங்க" என்றேன். அந்த வேலையையும், அதே போன்ற வேலையைச் செய்த பீளமேட்டு நண்பர், திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் மாமா ஆகியோரின் அனுபவங்களையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டு செட் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

முதலில் இந்த வாட்ஸ் கணக்கு

பெட்டியின் மேல் "பி.எம்.பி.ஓ." என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். கண் சிமிட்டும் நேரத்தில் எட்டக்கூடியதாகக் கம்பெனி தானாகச் சொல்லிக் கொள்ளும் அளவு அது. அதற்கு ஒப்புக் கொள்ளப்பட்ட அளவுமுறை எதுவும் கிடையாது. பார்க்க வேண்டியது "ஆர்.எம்.எஸ்." என்ற எண். தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி அதுதான். அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களில் தொடர்ச்சியான சக்தியைத்தான் சொல்ல வேண்டும் என்று 1974-லேயே விதி கொண்டு வந்துவிட்டார்கள்.

கடையிலேயே சோதிக்க எளிய வழி உண்டு. ஸ்பீக்கரின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் 12 x 2 = 24 வாட்ஸ்தான் உள்ளே போகிறது. உள்ளே 24 போய் வெளியே 1000 வருவதற்கு அது என்ன கற்பக விருட்சமா? கம்ப்யூட்டரின் சாதாரண யு.எஸ்.பி. 2.0 போர்ட்டிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கும் ஸ்பீக்கர் என்றால் 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட்ஸ். அவ்வளவுதான்.

அதே சமயம், இரண்டரை வாட்ஸ் என்பது கேவலமும் அல்ல. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். சென்சிடிவிட்டி 90 டெசிபல் என்று குறிப்பிடப்பட்ட ஒரு நல்ல மர ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் சத்தம் கொடுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட அதுவே போதும். அதனால் "பழைய செட், 15 வாட்ஸ்தான் இருக்கும்" என்று ஒதுக்காதீர்கள். பெரிய கோன், கனமான மரப்பெட்டி, தனி ட்வீட்டர் இவையெல்லாம் சிறிய பிளாஸ்டிக் ஸ்பீக்கரில் கிடைக்காது.

இணைப்பது எப்படி?

ஸ்பீக்கரை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகக் கூடாது. மர ஸ்பீக்கர்களுக்குள் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. கம்ப்யூட்டர் தரும் சிக்னலோ மிகச் சிறியது. கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு என்பதுதான் வரிசை.

டெஸ்க்டாப் என்றால் பின்புறம் உள்ள பச்சை நிற ஜாக், லேப்டாப் என்றால் ஹெட்போன் ஜாக். அதில் 3.5 எம்.எம். ஸ்டீரியோ பின்னும், மறுமுனையில் சிவப்பு, வெள்ளை என இரண்டு ஆர்.சி.ஏ. பின்களும் உள்ள கேபிளைச் சொருகவும். மெலிதான புது லேப்டாப் சிலவற்றில் ஹெட்போன் ஜாக்கே இருக்காது. அதற்கு யு.எஸ்.பி.-சி அடாப்டர் வாங்கிக் கொள்ள வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் பின்னால் "ஆக்ஸ்" அல்லது "டேப் இன்" என்று எழுதிய இடத்தில் மறுமுனையைச் சொருகவும். ஐந்து ஓட்டை உள்ள வட்டமான சாக்கெட் மட்டும் இருந்தால் அது டின் சாக்கெட். அதற்கும் ஆர்.சி.ஏ. மாற்றுக் கேபிள் கிடைக்கிறது. அப்புச்சியின் செட்டிற்கு அப்படித்தான் வாங்கினோம்.

"ஃபோனோ" என்று எழுதிய இடத்தில் மட்டும் சொருகாதீர்கள். அது இசைத்தட்டு முள்ளில் இருந்து வரும் சில மில்லிவோல்ட் சிக்னலைப் பல மடங்கு பெரிதாக்குவதற்கான இடம். கம்ப்யூட்டரின் சிக்னல் அதில் நுழைந்தால் பாட்டு கரகரவென்று உடைந்து கேட்கும். அதேபோல் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் இருந்து எந்த வயரையும் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வராதீர்கள். சவுண்ட் கார்டு கருகிவிடும்.

இணைக்கும் முன் இரண்டையும் ஆஃப் செய்து, ஆம்ப்ளிஃபயர் வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். பிறகு கம்ப்யூட்டரின் வால்யூமை எண்பது, தொண்ணூறு என்று உயர்த்தி வைத்துவிட்டு, தேவையான சத்தத்தை ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக் கொள்ளுங்கள். மாறாகச் செய்தால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும்.

"ங்ங்ங்" என்ற உறுமல்

மூன்று பேருக்குமே வந்த தொல்லை இது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

பீளமேட்டு நண்பருக்கு, லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினால் உறுமல் நின்றது, சொருகினால் வந்தது. கம்ப்யூட்டர் ஒரு அறையின் பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் வேறு பிளக்கிலும் இருந்ததால், இரண்டு எர்த் வழிகளும் ஆடியோ கேபிள் மூலம் ஒரு வளையமாக இணைந்துவிட்டன. இதைக் கிரவுண்ட் லூப் என்பார்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியதும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. மிச்சத்திற்கு ஆடியோ கேபிளின் நடுவே "கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்" என்ற சிறு பொருளைப் போட்டார். சிலர் பிளக்கின் எர்த் பின்னையே ஒடித்துவிடச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உறுமல் போகும், கூடவே ஷாக் அடிக்காமல் காக்கும் பாதுகாப்பும் போய்விடும்.

திருப்பூர் மாமாவுக்கு வந்தது உறுமல் அல்ல, "ஸ்ஸ்... டிக் டிக்" என்ற சத்தம். மவுஸை நகர்த்தினால் மாறியது. அது மதர்போர்டுக்குள் இருக்கும் சவுண்ட் சிப், பக்கத்துச் சர்க்யூட்டுகளின் இரைச்சலைப் பிடித்துக் கொள்வதால் வருவது. யு.எஸ்.பி.யில் சொருகும் சின்ன வெளி சவுண்ட் கார்டு (இப்போது டாக் என்கிறார்கள்) வாங்கியதும் போயிற்று.

அப்புச்சியின் செட்டில் கம்ப்யூட்டர் கேபிளையே கழற்றிய பிறகும் உறுமியது. அப்படியென்றால் குற்றம் செட்டிற்குள் இருக்கிறது. பல ஆண்டுகள் ஆன ஃபில்டர் கன்டென்சர்கள் காய்ந்து போயிருந்தன. பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர் மாற்றிக் கொடுத்தார். இதை நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். ஆஃப் செய்த பிறகும் கன்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

இடது, வலது, சிவப்பு, கருப்பு

ஸ்பீக்கர் வயர்களில் சிவப்பு சிவப்போடு, கருப்பு கருப்போடு சேர வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் ஒரு கோன் முன்னால் வரும்போது இன்னொன்று பின்னால் போகும். பாட்டு கேட்கும், ஆனால் பேஸ் மட்டும் எங்கோ மறைந்துவிடும். மாமா இரண்டு மாதம் அப்படித்தான் கேட்டுக் கொண்டிருந்தார். "செட்டு பழசாயிருச்சுங்க மாப்ள, தம் இல்ல" என்று வேறு சொல்லிக் கொண்டிருந்தார். வயரை மாற்றியதும் சுவரே அதிர்ந்தது. நிறம் அழிந்துபோன ஸ்பீக்கர் என்றால், ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை அதன் இரு முனைகளில் ஒரு நொடி தொடுங்கள். ஊஃபர் கோன் முன்னால் வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு.

விண்டோஸில் அக்சஸிபிலிட்டி பகுதியில் "மோனோ ஆடியோ" என்றொரு சுவிட்ச் உண்டு. அது ஆனில் இருந்தால் ஸ்டீரியோ என்ற பேச்சே இல்லை. ஆஃப் செய்துவிடுங்கள்.

எங்கே வைப்பது?

பாதி ஒலி அறையில்தான் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருப்பது நல்லது. ட்வீட்டர் காது உயரத்திற்கு வரட்டும். மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் குழகுழவென்றாகும்; ஓரடியாவது தள்ளி வையுங்கள். (பழைய டி.வி. போன்ற மானிட்டர் இருந்த காலத்தில் ஸ்பீக்கரின் காந்தத்தால் திரையில் நிறம் படியும். எல்.சி.டி. திரைக்கு அந்தப் பயம் இல்லை.)

புது வீடுகளில் தரை டைல்ஸ், சுவர் வெறும் சிமெண்ட், ஜன்னல் கண்ணாடி என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. நண்பரின் ஹாலில் கை தட்டினால் "டங்" என்று எதிரொலித்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்து, ஜன்னலுக்குச் சென்னிமலைப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டோம். பாடகரின் குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் வந்து நின்றது. புதிதாகப் பத்தாயிரம் ரூபாய் செலவழித்தாலும் கிடைக்காத மாற்றம் அது.

நல்ல ஸ்பீக்கரில் ஒரு சங்கடமும் உண்டு. மோசமான ஃபைலைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆடியோ சி.டி.யில் ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது. 128 கிலோபிட் எம்.பி.3 என்பது அதில் பதினோரில் ஒரு பங்கு. லேப்டாப் ஸ்பீக்கரில் தெரியாத வித்தியாசம், மர ஸ்பீக்கரில் ஜால்ரா சத்தத்திலேயே தெரிந்துவிடும். 320-ல் கிடைத்தால் அதை எடுங்கள். வீட்டில் பழைய சி.டி.கள் இருந்தால் "ஃபிளாக்" வடிவில் மாற்றிக் கொள்ளலாம்; தரம் குறையாது. பாட்டு ஆப்களிலும் செட்டிங்ஸில் "ஆடியோ குவாலிட்டி" என்பதைத் தேடி உயர்த்தி வையுங்கள்.

வீட்டில் செட் இல்லாதவர்கள் பழையது வாங்கப் போனால் முதலில் முன் வலையைக் கழற்றிக் கோனின் ஓரத்தைப் பாருங்கள். ஸ்பாஞ்ச் போன்ற ஃபோம் ஓரம் பதினைந்து, இருபது ஆண்டுகளில் தொட்டாலே உதிரும். ரப்பர் அல்லது துணி ஓரம் நீண்ட நாள் உழைக்கும். ஃபோம் போயிருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். ஓரத்தை மட்டும் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஸ்பீக்கரின் பின்னால் 4 ஓம்ஸ், 8 ஓம்ஸ் என்று எழுதியிருப்பதையும் ஆம்ப்ளிஃபயரில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். 8 ஓம்ஸுக்கான ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டிச் சத்தமாக வைத்தால் அது சூடாகிப் புகையலாம்.

அப்புச்சிக்குக் கம்ப்யூட்டரைத் தொடப் பிடிக்காது. அதனால் ஆக்ஸ் கேபிளில் ஒரு புளூடூத் ரிசீவரை மாட்டி, அவர் போனிலிருந்தே பாட்டுப் போடப் பழக்கியிருக்கிறேன். பாட்டுக்கு அது போதும். சினிமா பார்க்கும்போது மட்டும் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று சற்றுப் பிந்தி வரும். அதற்குக் கேபிள்தான் சரி.