பால் பொங்கினால் அடுப்பா குற்றவாளி?

பாலை அடுப்பில் வைத்துவிட்டு அருகிலேயே நிற்கிறீர்கள். கண் பாலின் மேல். நுரை எழும்பினால் கை தானாகக் குமிழைத் திருகித் தீயைக் குறைக்கிறது, அடங்கினால் கூட்டுகிறது. ரெவாக்ஸ் ஏ77 ஸ்பூல் டேப் ரெக்கார்டரின் வேகக் கட்டுப்பாடு இதே வேலையைத்தான் செய்கிறது.

சுவிட்சர்லாந்தில் வில்லி ஸ்டூடரின் நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த கருவி அது. டேப்பை இழுப்பது கேப்ஸ்டன் என்ற மெல்லிய தண்டு. அது சீராகச் சுழன்றால்தான் வீணை வீணையாகக் கேட்கும். அக்காலக் கருவிகள் பலவும் வேகத்துக்கு வீட்டு மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸை நம்பியிருந்தன. ஏ77 தன் வேகத்தைத் தானே பார்த்துக்கொண்டது. அதன் உண்மையான பெருமை இதுதான் என்பேன்.

எப்படிப் பார்க்கிறது? மோட்டாரின் சுழலும் பகுதியில் சுற்றிலும் பொடிப் பற்கள். அவற்றைத் தொடாமல், ஆனால் வெகு நெருக்கத்தில், டேக்கோ ஹெட் என்ற சிறிய சுருள். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் அதில் ஒரு மின்துடிப்பு பிறக்கும். நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் டேப் ஓடினால் நொடிக்கு 1600 துடிப்பு, 9.5 செ.மீ.யில் 800. இந்தச் சென்சார்தான் கண். துடிப்பைப் பார்த்துக் கணக்குப் போடுவது சர்வோ போர்டு. குமிழைப் பிடித்திருக்கும் கை, பவர் டிரான்சிஸ்டர்.

இப்போது கண் மூடிக்கொண்டது என்று வையுங்கள். துடிப்பு வரவில்லை. போர்டு என்ன நினைக்கும்? பால் இன்னும் சூடாகவே இல்லை என்றுதான். தீயைக் கூட்டும், பிறகும் கூட்டும். மோட்டார் தலைதெறிக்க ஓடும், பாடகர் குரல் கீச்சுக்குரலாகும். பலர் இந்த இடத்தில்தான் மோட்டாரைச் சந்தேகிக்கிறார்கள். பால் பொங்கியதற்கு அடுப்பைக் குறை சொல்வது போல.

ஆனால் கை குமிழை முழுதாகத் திறந்தபடி மரத்துப்போனாலும் பால் பொங்கத்தான் செய்யும். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் இதே அறிகுறி. இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். மோட்டார் சுற்றில் ஆபத்தான மின்னழுத்தம் உண்டு; கண்டென்சர்கள் அடங்கச் சற்றுப் பொறுங்கள். சர்வோ போர்டைக் கழற்றி, டேக்கோ சுருளின் இரு முனைகளையும் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். மீட்டர் அசையவே இல்லையென்றால் சுருளோ அதன் ஒயரோ அறுந்திருக்கிறது. அளவு காட்டினால் பற்களுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்: விலகியிருந்தால் துடிப்பு நலியும், உரசினால் கரகரக்கும். சர்வீஸ் கையேட்டின் அளவுக்கு அதைத் திருத்துங்கள். அதுவும் சரியென்றால்தான் டிரான்சிஸ்டர். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே எந்தப் பக்கம் அளந்தாலும் ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் அது போய்விட்டது.

போர்டிலுள்ள பழைய கண்டென்சர்களும் வேகத்தை அலையவிடும். வயதான கருவியில் அவற்றை மாற்றிவிடுவதே நல்லது. டேப் தீர்ந்ததும் கருவியை நிறுத்தும் விளக்கும் ஒளிச் சென்சாரும் வேறு சங்கதி, வேகத்தில் அவற்றுக்குப் பங்கில்லை.

மோட்டாரை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், டேக்கோ சுருளை அளந்து பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.