களைப்பெல்லாம் டெஸ்டொஸ்டிரோன் குறைவா?

நாற்பதைத் தாண்டிய பெண்களின் கைபேசிக்கு இப்போது அடிக்கடி ஒரு பட்டியல் வருகிறது. தீராத களைப்பு, நித்திரையின்மை, முடி உதிர்தல், இடுப்பில் சதை போடுதல், மறதி, எரிச்சல், தாம்பத்தியத்தில் நாட்டம் குறைதல். இவை இருந்தால் உங்களுக்கு டெஸ்டொஸ்டிரோன் குறைவு என்று அது சொல்லும். சுவிஸ் நாட்டின் பேர்ணில் விடியுமுன் துப்புரவு வேலைக்கு ட்ராம் ஏறி, பகலில் முதியோர் இல்லத்தில் இன்னொரு வேலை பார்த்து, இரவுச் சமையலையும் முடித்துவிட்டுப் படுக்கும் ஒரு பெண் அதைப் படித்தால், தன்னைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள் என்று நம்பத்தான் செய்வார். ஆனால் அந்தப் பட்டியலை வைத்து எந்த வைத்தியராலும் அந்தக் குறைவைக் கண்டுபிடிக்க முடியாது. இரத்தச்சோகை, தைரொயிட் குறைவு, நீரிழிவு, மனச்சோர்வு, விற்றமின் டி பற்றாக்குறை என்று எதற்கும் அதே பட்டியல் பொருந்தும்.

டெஸ்டொஸ்டிரோனை ஆண்களுக்கு மட்டும் உரிய ஓமோன் என்று நினைப்பவர்கள் அதிகம். பெண்ணின் சூலகங்களும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரினல் சுரப்பிகளும் அதைச் சுரக்கின்றன. அவை அனுப்பும் மூலப்பொருட்களிலிருந்து கொழுப்பு, தோல் போன்ற இழையங்களும் ஒரு பெரும் பங்கை ஆக்கிக்கொள்கின்றன. ஆணின் இரத்தத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட பெண்ணிடம் இல்லை. ஆனாலும் மாதவிடாய் வரும் பருவத்தில் பெரும்பாலான நாட்களில் பெண்ணின் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் வகையான எஸ்ட்ராடியோலைவிட டெஸ்டொஸ்டிரோன்தான் எடையளவில் கூடுதல். இருபதுகளில் உச்சத்தில் இருக்கும் இந்த அளவு நாற்பதுகளுக்குள் ஏறக்குறைய பாதியாகிவிடும். மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் விழுவதுபோல் இது திடீரென்று விழுவதில்லை. வயதோடு மெல்ல இறங்குவது இயற்கை.

சரி, இரத்தத்தில் அளந்து பார்த்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். வழமையான ஆய்வுகூடச் சோதனைகள் பலவும் ஆணுக்குரிய பெரிய அளவுகளை அளக்கச் சரியாக இருக்கும்; பெண்ணின் சிறிய அளவில் தடுமாறும். துல்லியமாக அளக்கத் திணிவு நிறமாலைக் கருவி தேவை. அப்படி அளந்தாலும், இதற்குக் கீழே போனால் நோய் என்று சொல்லக்கூடிய எண் எதுவும் பெண்களுக்கு இதுவரை வகுக்கப்படவில்லை. 2005இல் ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், பாலுறவு நாட்டம் குறைந்தவர்களை டெஸ்டொஸ்டிரோன் அளவை வைத்து இனங்காண முடியவில்லை. அளவு குறைந்த பலர் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தார்கள். அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமும் 2006இலும் 2014இலும் வெளியிட்ட வழிகாட்டலில், ஆரோக்கியமான பெண்களுக்கு ‘அன்ட்ரோஜன் குறைபாடு’ (டெஸ்டொஸ்டிரோன் வகை ஓமோன்களின் குறைவு) என்று நோய் எழுத வேண்டாம் என்றே வைத்தியர்களைக் கேட்டுக்கொண்டது.

அப்படியென்றால் உண்மையான குறைவு என்று ஒன்று கிடையாதா? உண்டு. அதை அறிகுறிப் பட்டியலில் அல்ல, சுரப்பியின் இழப்பில் தேட வேண்டும். அந்தப் பாடத்தை உலகுக்குச் சொன்ன ஊர்களில் பேர்ணும் ஒன்று.

1872இல் பேர்ண் பல்கலைக்கழகத்தில் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரானவர் தியோடர் கோஹர். அயடின் குறைந்த இந்த மலைநாட்டில் தைரொயிட் சுரப்பி வீங்கும் கழுத்துக்கழலை வீட்டுக்கு வீடு இருந்த காலம் அது. 1874இல் அவர் ஒரு 11 வயதுச் சிறுமியின் தைரொயிட் சுரப்பியை முழுவதும் வெட்டி எடுத்தார். அறுவை வெற்றி. ஆண்டுகள் கழித்து, ஜெனீவாவில் ரெவெர்டான் என்ற அறுவை வைத்தியர் தன் நோயாளிகளிடம் கண்ட மாற்றங்களைக் கேள்விப்பட்ட பிறகு, கோஹர் தன்னுடைய பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். அந்தச் சிறுமியின் வளர்ச்சி நின்றுபோயிருந்தது; முகம் ஊதி, பேச்சும் அறிவும் மந்தமாகியிருந்தன. அவளைப்போலவே இருந்த தங்கை அவளைத் தாண்டி வளர்ந்து நின்றாள். முழுச் சுரப்பியையும் இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதே நிலை. 1883இல் கோஹர் அதை ஒளிக்காமல் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னார். சுரப்பியை முழுவதும் எடுப்பதை அதன்பின் தவிர்த்தார். தைரொயிட் பற்றிய பணிக்காக 1909இல் நோபல் பரிசு பெற்றார். ஓமோன் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத நாளில், சுரப்பியை இழந்த உடம்பு என்ன ஆகும் என்பதை நோயாளிகளின் முகத்தைப் பார்த்து அவர் படித்தார்.

கோஹர் கேட்ட கேள்வியைத்தான் இன்றும் முதலில் கேட்க வேண்டும்: இந்த உடம்பு எந்தச் சுரப்பியை இழந்திருக்கிறது? ஒரு பெண்ணின் இரண்டு சூலகங்களையும் எடுத்துவிட்டால் டெஸ்டொஸ்டிரோன் ஏறக்குறைய பாதியாகக் குறையும், அதுவும் ஒரே நாளில். பேர்ணில் வாழும் நம் தமிழ்ப் பெண்களில் பலர் யாழ்ப்பாணத்திலோ இந்தியாவிலோ கருப்பை அறுவை செய்துகொண்டவர்கள். இந்தியாவின் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 3 பேருக்கு மேல் கருப்பை அகற்றப்பட்டிருக்கிறது. “கர்ப்பப்பையை எடுத்தாச்சு” என்று சொல்வார்கள். கூடவே சூலகங்களையும் எடுத்தார்களா என்று கேட்டால் தெரியாது என்பார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்தச் சோதனையையும் சரியாக வாசிக்க முடியாது. அறுவைக் குறிப்பைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் ஸ்கான் ஒன்றில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி பிரசவம் பற்றியது. பிள்ளை பிறந்தபோது மிகுதியாக இரத்தம் போனால், மூளையின் அடியில் இருந்து சூலகங்களையும் அதிரினலையும் இயக்கும் கபச்சுரப்பி இரத்த ஓட்டம் இல்லாமல் பாழாகலாம். 1937இல் இதை விவரித்த ஷீஹன் என்பவரின் பெயரால் இந்த நோயை அழைக்கிறார்கள். அதற்குப் பிறகு பால் சுரக்காது, மாதவிடாய் திரும்பாது, அக்குளிலும் அடிவயிற்றுக்குக் கீழும் உள்ள முடி உதிர்ந்துபோகும், தோல் வெளிறும், எந்நேரமும் குளிரும். இந்த முடி உதிர்தல்தான் டெஸ்டொஸ்டிரோன் வகை ஓமோன்கள் உண்மையிலேயே வற்றிவிட்டதைக் காட்டும் அடையாளங்களில் தெளிவானது. யாரும் வாய்விட்டுச் சொல்லாத அடையாளமும் அதுதான். இலங்கைப் போர்க்காலத்தில், இரத்தம் ஏற்ற வசதியில்லாத இடங்களில் பிள்ளை பெற்ற தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். முப்பது வருடமாக இழுத்துக்கொண்டிருக்கும் அவர்களுடைய களைப்பை வயது என்று தள்ளிவிடக் கூடாது. இந்த நோயில், உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் கோர்ட்டிசோல் ஓமோனும் குறைந்திருக்கும். ஒரு சாதாரணக் காய்ச்சலோ சிறு அறுவையோகூட உயிருக்கு ஆபத்தாகிவிடலாம்.

அதிரினல் சுரப்பியே கெட்டுப்போகும் அடிசன் நோயில் நிறம் எதிர்த்திசையில் மாறும். உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் கறுக்கும், எடை குறையும், உப்பில் ஆசை வரும், எழுந்தால் தலை சுற்றும். மாநிறமான நம் தோலில் இந்தக் கறுப்பு எளிதில் கவனத்துக்கு வராது. ஊருக்குப் போய் வந்த வெயில் என்று விட்டுவிடுவார்கள். மார்கழி மாதத்துப் பேர்ணில் ஒருவர் கறுத்துக்கொண்டே போனால் வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. மூட்டுவாதத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் நெடுநாள் எடுக்கும் ஸ்டீரொயிட் குளிசைகளும் அதிரினலை அடக்கிவைக்கும். கருத்தடைக் குளிசை, டெஸ்டொஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கூட்டி, பயன்படக்கூடிய அளவைக் குறைக்கும்.

இவை எதுவும் இல்லாதவருக்குக் களைப்பு இருந்தால்? அதற்கும் காரணம் இருக்கும், பெரும்பாலும் எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய காரணம். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைரொயிட், சர்க்கரை, விற்றமின் டி ஆகியவற்றைக் குடும்ப வைத்தியரிடமே பார்க்கலாம். நவம்பர் முதல் பெப்ரவரி வரை பேர்ணின் சூரியன் நம் நிறத் தோலில் விற்றமின் டி உண்டாக்கப் போதாது. இரவு வேலை, குறட்டை, வீட்டுக் கவலை ஆகியவற்றைப் பற்றியும் வைத்தியரிடம் பேச வேண்டும்.

டெஸ்டொஸ்டிரோன் மருந்து யாருக்கு உதவும் என்பதில் 2019இல் பல நாட்டு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தன. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு, தாம்பத்திய நாட்டம் குறைந்து, அது அவருக்கே மனவேதனை தந்தால், வேறு காரணங்களையெல்லாம் பார்த்த பிறகு கொடுத்துப் பார்க்கலாம். சான்று உள்ள ஒரே பயன் அதுதான். களைப்புக்கோ, மறதிக்கோ, எடைக்கோ, எலும்புக்கோ கொடுக்கப் போதிய சான்று இல்லை. அதே ஆண்டு 36 சோதனைகளை, மொத்தம் 8480 பெண்களை, சேர்த்துப் பார்த்த ஆய்வில் மருந்து எடுத்தவர்களுக்கு மாதத்துக்குச் சராசரியாக ஒன்றுக்குச் சற்றுக் குறைவான எண்ணிக்கையில் நிறைவான உறவு கூடியது. சிறிய பலன்தான், ஆனால் வேதனைப்படுபவருக்கு அது சிறியதல்ல, அதைக் கேட்டுப் பெற அவருக்கு உரிமை உண்டு. மருந்து தோலில் பூசுவதாக, ஆணுக்குரிய அளவில் பத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். தொடங்குமுன்பும் சில வாரங்களிலும் இரத்தம் பார்க்க வேண்டும். ஆறு மாதத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்த வேண்டும். தோலுக்கடியில் வைக்கும் வில்லைகளும் ஊசியும் அளவை எகிற வைப்பதால் வேண்டாம் என்கிறார்கள். அளவு மிஞ்சினால் முகத்தில் முடி வளரும், பரு வரும், குரல் தடிக்கும். தடித்த குரல் பழையபடி ஆகாமலே போகலாம். தெற்காசியப் பெண்களிடம் பொலிசிஸ்டிக் சூலக நோய் பரவலாக இருக்கிறது. அதில் இந்த ஓமோன் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். அப்படிப்பட்டவர் இணையத்தில் வாங்கிய ஜெல்லைப் பூசினால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதாகிவிடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வைத்தியருடனான இந்தப் பேச்சுக்கு மகனையோ மகளையோ மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாயும் தாம்பத்தியத்தைப் பற்றியோ அந்தரங்க முடி உதிர்வதைப் பற்றியோ பேசமாட்டார். வைத்தியர் அரைகுறைக் கதையைக் கேட்டு அரைகுறை மருந்தைத் தருவார். பேர்ணில் காரித்தாஸ் நடத்தும் ‘கொம்ப்ரெண்டி’ சேவையில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். தொலைபேசி வழியாக மொழிபெயர்க்கும் சேவையும் நாட்டில் இருக்கிறது. நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர், முடிந்தால் பெண், வேண்டும் என்று கேளுங்கள். போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன அறுவை, எந்த ஆண்டு, பிரசவத்தில் இரத்தம் போனதா, பால் சுரந்ததா, எடுக்கும் குளிசைகள் எவை, கடைசி மாதவிடாய் எப்போது. வைத்தியரின் முதல் கேள்விகள் அவைதான்.