மலைக்குப் போன பிள்ளைகள்

வந்தவர்களும் போனவர்களும் – 7

வெளிநாட்டு வேலை கைகூடிவிட்டால் உசிலம்பட்டிப் பக்கத்து வீடுகளில் முதலில் பேசுவது சம்பளத்தை. அடுத்து ஏஜென்டுக்குக் கட்டவேண்டிய பணம், விசா, விமான டிக்கெட். எல்லாம் முடிந்து பெட்டி கட்டும் நேரத்தில்தான், பெரும்பாலும் வீட்டு அப்பத்தா, "பிள்ளைகளை என்னப்பா செய்யப் போறீக?" என்று கேட்பார். முதலில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. கடைசியில் கேட்கும்போது பதில் சொல்ல நேரம் இருப்பதில்லை.

இதுவரை இந்த மண்ணிலிருந்து போனவர்களைப் பார்த்தோம். இந்த வாரம், பிள்ளைகளோடு கடல் தாண்டி இந்த மண்ணுக்கு வந்தவர்களைப் பார்க்கப் போகிறோம். நம்முடைய வெயில்தான் அவர்களுக்கு அந்நிய நாடு. அப்பத்தா கேட்கும் அதே கேள்விக்கு அவர்கள் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் விடை தேடினார்கள். அந்தத் தேடலில் இன்று கிளம்பும் நம் குடும்பங்களுக்குப் பாடம் இருக்கிறது.

மதுரைக்கு வந்த குடும்பங்கள்

பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலையைத் தொடங்கியது. அங்கிருந்துதான் 1834இல் ஹாய்சிங்டன், டாட் என்ற இருவர் மதுரைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் சிலரும் துணைக்கு வந்தார்கள். 1836இல் டேனியல் பூர் வந்து சேர்ந்து, மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் பள்ளிகளாகத் திறந்துகொண்டே போனார். திருமங்கலத்தில் 1842இல் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்கு மாறியது. பின்னாளில் அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது பசுமலையில் இருந்த கல்விக்கூடம்தான்.

பாடப்புத்தகங்களில் இது கல்விப் பணியின் வரலாறு. வந்தவர்களின் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் வேறொரு வரலாறு தெரியும். மதுரைக்கு வந்த மறு ஆண்டே, 1835இல், டாட்டின் மனைவி இறந்தார். அதன் பிறகும் காலராவும் காய்ச்சலும் பெரியவர்களையும் குழந்தைகளையும் கொண்டுபோயின. காலராக் கிருமி தண்ணீரில் பரவுகிறது என்பதோ, மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதோ அன்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. மலேரியாவில் கொசுவின் பங்கை ரொனால்டு ராஸ் நிறுவியது 1897இல்தான். அதுவரை கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினார்கள். நம் ஊர்த் தாய்மாரும் அதே ஆண்டுகளில் அதே நோய்களுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கப்பலும் இல்லை, மலைவீடும் இல்லை.

ஊரார் பிள்ளைக்குப் பள்ளி, தன் பிள்ளைக்குக் கப்பல்

அந்தக் குடும்பங்கள் கண்ட முதல் விடை, பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கும்வரை கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போகவேண்டும். போய்ச் சேரவே பல மாதங்கள். கடிதம் போட்டுப் பதில் வருவதற்குள் ஓர் ஆண்டு ஓடிவிடும். பள்ளி வயதுப் பிள்ளையைக் கப்பலேற்றிய தாய், அடுத்து அதைப் பார்க்கும்போது அது பெரிய ஆளாகியிருக்கும். பார்க்காமலேயே போன தாய்களும் உண்டு.

யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824இல் இதே மிஷனைச் சேர்ந்த ஹாரியட் வின்ஸ்லோ பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். தங்கிப் படிக்கும் பெண்கள் பள்ளி என்பதையே கேள்விப்படாத காலம் அது. தமிழ்ப் பெண்கல்வி வரலாற்றில் உடுவிலுக்குத் தனி இடம் இருக்கிறது. அவருடைய கணவர் மிரன் வின்ஸ்லோதான் 1862இல் வெளியான தமிழ்–ஆங்கிலப் பேரகராதியைத் தொகுத்தவர். இந்தத் தம்பதியின் மகன் சார்ல்ஸ் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். பத்து வயதைத் தாண்டியிருந்த அந்தச் சிறுவன் 1832இல் அங்கே இறந்துபோனான். 1833 ஜனவரியில் ஹாரியட்டும் உடுவிலில் கண்மூடினார். ஊரார் பெண்களைத் தன் பார்வையில் தங்கவைத்துப் படிக்கவைத்த தாய்க்குத் தன் மகனின் படுக்கை அருகே உட்காரக் கொடுத்துவைக்கவில்லை. எந்த லட்சியத்துக்காக என்றாலும் இது பெரிய விலை. அந்த விலைக்குப் பிள்ளைகள் சம்மதிக்கவில்லை, அவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை.

இரண்டு தலைமுறை கழித்தும் இது மாறவில்லை. 1870இல் ராணிப்பேட்டையில் மிஷன் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடரைப் பதின்வயதில் அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் பெற்றோர் இந்தியா திரும்பினார்கள். வேலூரில் இன்று நிற்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அவர் தொடங்கியது. இளம்வயதில் அவருக்கு இந்தியாவுக்கு வரவே விருப்பம் இல்லை என்பதை அவர் வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள். தாயைத் தன்னிடமிருந்து பிரித்த நாட்டின் மேல் ஒரு பெண்ணுக்குக் கசப்பு இருந்தால் அதில் வியக்க என்ன இருக்கிறது?

இரண்டாவது விடை: மலை

அனுப்புவதற்கு மாற்றாக, பக்கத்திலேயே குளிர்ந்த இடம் தேடினார்கள். முதலில் சிறுமலை. அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அதைவிட உயரமான பழனிமலைத் தொடருக்குப் போய், 1845இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டினார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். காற்று நல்ல காற்று என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அவர்களைக் காப்பாற்றியது, அந்தக் குளிரில் மலேரியாக் கொசு பெருக முடியாமல் போனதும், சமவெளி ஊர்களின் நெரிசலும் கெட்ட தண்ணீரும் அங்கே இல்லாததும்தான். காரணம் தவறாக இருந்தாலும் இடம் சரியாக அமைந்துவிட்டது.

1875 வாக்கில் ரயில் வந்தபின் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் போய், மலையடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறுவார்கள். பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியில் வைத்து ஆட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். சுமந்தவர்கள் நம் அடிவாரத்து ஊர்க்காரர்கள். அவர்கள் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்று எந்தக் குறிப்பேடும் சொல்வதில்லை. அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்துக்கு இன்றைக்கும் கொடைக்கானல் ரோடு என்றுதான் பெயர்.

1901இல் கொடைக்கானலில் மிஷன் பிள்ளைகளுக்காக ஹைகிளெர்க் பள்ளி தொடங்கியது. முதல் வகுப்பில் 13 பிள்ளைகள். இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியின் தொடக்கம் அதுதான். பெற்றோர் மதுரையிலும் திருமங்கலத்திலும் பசுமலையிலும் இருக்க, பிள்ளைகள் மலையில் படித்தார்கள். கோடையில் பெற்றோர் மேலே போவார்கள். கடல் தாண்டியிருந்த பிரிவு ஒரு நாள் பயணமாகச் சுருங்கியது. இது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம்.

ஆனால் இதற்கும் விலை உண்டு. வெயிலோடும் நோயோடும் சேர்த்து, கீழே இருந்த மக்களிடமிருந்தும் அந்தப் பிள்ளைகள் விலகிப்போனார்கள். தமிழ் அவர்களுக்கு வீட்டு வேலைக்காரரிடம் பேசும் மொழியானது. ஒரு நாட்டில் வளர்ந்தும் அந்த நாட்டோடு பழகாமல் வளர்வது என்ன வளர்ப்பு?

அதே காலத்தில் உசிலம்பட்டி

வெள்ளைக்காரப் பிள்ளைகள் மலையேறிப் படித்த அதே ஆண்டுகளில் உசிலம்பட்டிச் சீமையில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பாதிதான். பிரமலைக் கள்ளர்கள் மேல் குற்றப் பரம்பரைச் சட்டம் 1914 முதல் படிப்படியாகப் பாய்ந்தது. ஆண்கள் கைரேகை வைக்கவேண்டும். இரவில் காவலரின் பார்வையில் தங்கவேண்டும். ஊரைவிட்டு இன்னோர் ஊருக்குப் போகவேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். இதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல்.

அதே அரசுதான் அந்தக் காலத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் தொடங்கியது. பெயரிலேயே அவமானம் ஒட்டியிருந்தாலும், மக்கள் அந்தப் பள்ளிகளைத் தமதாக்கிக்கொண்டார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை இன்றும் நடக்கின்றன. ஆசிரியர்கள், அதிகாரிகள், வழக்கறிஞர்கள் என்று அவற்றில் படித்து மேலே வந்தவர்கள் ஏராளம். பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போகச் சீட்டுக் கேட்ட மனிதர்களின் பேரன் பேத்திகள் இன்று மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார்கள். இதைவிடப் பெரிய பயணம் எனக்குத் தெரியவில்லை.

மதுரையில் பிறந்தவர்

மிஷன் குடும்பங்களின் கதையில் இன்னொரு பிள்ளையும் உண்டு. ஜான் சாண்ட்லர் 1849இல் மதுரையில் மிஷன் வீட்டில் பிறந்தார். அமெரிக்காவில் படித்தார். 1870களில் பெற்றோரைப் போலவே ஊழியராக மதுரைக்குத் திரும்பி வந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் தமிழ்ப் பேரகராதி வேலையைத் தொடங்கியபோது அதன் முதல் பதிப்பாசிரியராக அமர்த்தியது இவரைத்தான். வையாபுரிப்பிள்ளை தலைமையில் 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவுபெற்ற அந்தப் பெரும்பணியின் முதல் கல்லை எடுத்துவைத்தவர் மதுரையில் பிறந்த ஓர் அமெரிக்கப் பிள்ளை.

அகராதி வேலைக்கு இலக்கணம் மட்டும் போதாது, பேச்சு காதில் ஏறியிருக்கவேண்டும். சின்ன வயதில் ஓர் ஊரின் மொழியைக் காதில் வாங்கிய பிள்ளை எங்கே போனாலும் அந்த மொழிக்குத் திரும்பும் வழியைத் தெரிந்துவைத்திருக்கிறது. நான் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்வது இதைத்தான்: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், போன ஊரோடு பழக விடுங்கள், சொந்த மொழியைக் கைவிடாதீர்கள். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பயணம் பிள்ளைக்கும் பயன்படும்.

இன்று கிளம்புகிறவர்களுக்கு

இனி நம் வீட்டுக் கணக்கு. சிங்கப்பூருக்கு வொர்க் பெர்மிட்டில் போகிறவர் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. நம் பக்கத்திலிருந்து கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ள வேண்டுமானால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் இருக்கவேண்டும், மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலராக இருக்கவேண்டும். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, வரப்போவது எந்த பாஸ் என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "போனபிறகு பார்த்துக்கலாம்ணே" என்ற பேச்சை நம்பவேண்டாம்.

அழைத்துப்போக முடிகிறவர்கள் முதலில் பள்ளியைப் பாருங்கள். சிங்கப்பூர் அரசுப் பள்ளிகளில் சேர வெளிநாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் கணக்கிலும் பொது நுழைவுத்தேர்வு எழுதவேண்டும். இடம் நிச்சயமில்லை. கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஜூனில் தொடங்கும் நம் கணக்கில் போகிற பிள்ளைக்கு ஆண்டின் நடுவே தடுமாற்றம் வரும், ஒரு வகுப்பு கீழே சேர்க்கவும் கூடும். அதைத் தோல்வி என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். மலேசியாவில் தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் 500க்கு மேல் இருந்தாலும், வெளிநாட்டுப் பணியாளர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார், சர்வதேசப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அந்தக் கட்டணத்தைச் சம்பளத்தில் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் உண்மையான சம்பளம்.

வெயில் நமக்குப் பழக்கம் என்று அசட்டையாக இருக்கவும் கூடாது. உசிலம்பட்டி வெயில் வறண்ட வெயில். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆண்டு முழுக்க மழையும் புழுக்கமும் இருக்கும். டெங்கு அங்கே நிரந்தரக் கவலை. காய்ச்சல் என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

திரும்பி வரும் வழியையும் யோசித்துவிட்டுப் போங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 2021இல் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் அடக்கம். நடுவில் பள்ளியை விட்டுப் போகும் பிள்ளை இந்த உரிமையை இழக்கிறது. டாக்டர் கனவோடு ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், சம்பளத்தோடு இதையும் தராசில் வையுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தமிழ் எழுத மறந்து திரும்பும் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் படும் பாடு பெரிது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகவும் இருக்கிறது. அந்த வாய்ப்பை விடாதீர்கள். அது இல்லாத நாடுகளில் இருப்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு.

என் கருத்து இது: ஐந்தாம் வகுப்புக்குள் இருக்கும் பிள்ளையை முடிந்தவரை கூடவே கூட்டிப்போங்கள். ஆறிலிருந்து எட்டுவரை, பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசி முடிவெடுங்கள். ஒன்பதுக்கு மேல் என்றால் பள்ளி முடியும்வரை இடம் மாற்றாதீர்கள். அம்மாவோ அப்பாவோ ஒருவர் ஊரில் இருக்கும்படி பாருங்கள். முடியாமல் அப்பத்தாவிடமோ அம்மாயியிடமோ விட்டுப்போக நேர்ந்தால், பணம் அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். பிள்ளையின் வகுப்பாசிரியர் யார், எந்தப் பாடம் வரவில்லை, யாரோடு விளையாடுகிறது என்பது தினமும் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஹாரியட் வின்ஸ்லோவுக்கு ஒரு கடிதம் பல மாதம் தள்ளித்தான் வந்தது. நமக்குக் கையில் போன் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டும் பிள்ளையைத் தெரியாமல் இருந்தால் காலத்தையோ கடலையோ குறைசொல்ல நமக்கு வழியில்லை.

(தொடரும்)

அடுத்த வாரம்: ராமேஸ்வரத்தில் கப்பலிறங்கிய இலங்கை மலையகப் பிள்ளைகள் – 1964 ஒப்பந்தம் கலைத்துப்போட்ட வகுப்பறைகள்.