தூசி மட்டும் ஞாபகத்தில் இல்லை
பழைய பட்டறைகளின் லேத்தையும் பெல்ட்டையும் உருகி உருகி நினைக்கிறவர்கள் உண்டு. அங்கே இல்லாமலே போன ஒரு கருவியைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

பழைய பட்டறைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எழுபது வயது டர்னர்களை நிறுத்துவது கடினம். கூரைக்கு அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுழலும் ஒரே இரும்புத் தண்டு. அதிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இறங்கும் தோல் பெல்ட். பெல்ட் வழுக்கினால் தடவுகிற பிசின். வெளியே கொட்டகையில் தடதடக்கும் ஆயில் எஞ்சின். வேட்டி நுனியோ சட்டைக் கையோ பெல்ட்டில் சிக்கி ஆளையே இழுத்த கதைகளும் கூடவே வரும், ஏதோ வீர விளையாட்டைச் சொல்வதுபோல.

இந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி தடைபட்டபோதுதான் இந்தியா இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களில் தீவிரமாக இறங்கியது. 1941ல் ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர். 1953ல் பெங்களூரில், ஸ்விஸ் நிறுவனமான ஓர்லிகானின் கூட்டுறவோடு ஹெச்.எம்.டி. பஞ்சாபின் பட்டாலாவிலோ சின்னச் சின்ன வார்ப்படப் பட்டறைகள் மலிவு விலை லேத்துகளைச் செய்து தள்ளின. மைசூர் கிர்லோஸ்கர் மூடப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது; அதன் லேத்துகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நல்ல வார்ப்பிரும்பு பெட் தேய்ந்தாலும் சுரண்டிச் சமன் செய்து மறுபடி ஓட்டலாம்.

ஆனால் இந்த நினைவுப் பட்டியலில் ஒரு சாமான் வருவதே இல்லை: தூசியை உறிஞ்சும் கருவி. மறதி காரணமல்ல. அது அங்கே இருந்ததே இல்லை.

அமெரிக்காவில் கதை வேறு. எஃகு டிரம், மூடிமேல் மோட்டார், கை தடிமனுக்கு ஒரு குழாய். மரச்சீவலையும் உறிஞ்சும், சிந்திய தண்ணீரையும் உறிஞ்சும். காது பிளக்கும் சத்தம். ‘ஷாப்-வேக்’ என்ற நிறுவனத்தின் பெயரே அங்கே அந்தக் கருவிக்குப் பொதுப் பெயராகிவிட்டது. 2020ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் அந்த நிறுவனம் மூடப்பட்டு, அதே ஆண்டு இறுதிக்குள் ஒரு சீன நிறுவனத்தின் கைக்குப் போனது. அப்பாவின் கராஜில் இருந்த பழைய டிரம்மைத் துரு நீக்கி மறுபடி ஓடவைப்பது அங்கே பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

இந்தியப் பட்டறையில் அந்த இடத்தில் இருப்பவை துடைப்பம், கோணிச் சாக்கு, கம்ப்ரஸரின் காற்றுக் குழாய். இதில் மூன்றாவதுதான் விஷமம். காற்றை அடித்ததும் இயந்திரம் பளிச்சென்று ஆகிவிடும். தூசி எங்கும் போய்விடவில்லை. மேஜைமேல் இருந்தது மூக்குக்கு எதிரே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

லேத்தில் இரும்பு கடைபவருக்கு இதனால் பெரிய சேதமில்லை. சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவல் கனமானது, காலடியில் விழுந்துவிடும். மரத்திலும் ஒரு காலம்வரை இதே நிலைதான். இழைப்புளி மரத்தை நாடா நாடாகச் சீவும்; அதை அள்ளி அடுப்பெரிக்கலாம். மின்சாரச் சாணை வட்டும் சாண்டரும் வந்தபிறகு அதே மரம் மாவாகப் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூளைத் தும்மித் தள்ளிவிடலாம். தெரியாத நுண்தூள்தான் உள்ளே போய்த் தங்குகிறது. இயந்திரம் வேகமாக ஆக ஆகத் தூசி நுண்மையாகிறது என்பதுதான் பட்டறை முன்னேற்றத்தில் யாரும் கணக்கெழுதாத செலவு. மரத்தூள் புற்றுநோய் தரவல்லது, குறிப்பாக மூக்கிலும் அதை ஒட்டிய அறைகளிலும், என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ல் வகைப்படுத்தியது. சஹாரன்பூரின் சந்துகளில் சீஷம் மரத்தைச் செதுக்கித் தேய்ப்பவர்களுக்கு முகத்தில் கட்டிய கைக்குட்டைதான் இன்றும் கவசம்.

வேக்குவம் கிளீனர் இந்தியாவுக்கு வராமல் இல்லை. 1982ல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸின் விற்பனையாளர்கள் டை கட்டிக்கொண்டு நடுத்தர வர்க்கத்து வீடுகளின் மணியை அழுத்தினார்கள்; சோபாவை உறிஞ்சி, வந்த அழுக்கைக் காட்டி இல்லத்தரசிகளை வியக்க வைத்தார்கள். சோபாவுக்குத் தூசி உறிஞ்சி வந்துவிட்டது. அந்தச் சோபாவைச் செய்த தச்சருக்கு வரவில்லை.

வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் காட்டுகிறது. ஒரு தலைமுறையே சிலேட்டில் எழுதிய பலப்பம் அங்கே கல்லிலிருந்து அறுக்கப்பட்டது. மின்ரம்பம் கல்லைக் குச்சிகளாக அறுக்கும். சிலிகா நிறைந்த தூள் அறுப்பவரின் முகத்தில் அடிக்கும். ஆமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் அங்கே 593 தொழிலாளர்களைப் பரிசோதித்து 1985ல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிலிகோசிஸ். நுரையீரல் நாராக இறுகிப்போகும் நோய். இதை ஆற்றும் மருந்து கிடையாது. ரம்பத்தின் வாயருகே உறிஞ்சும் குழாயைப் பொருத்தியதும் காற்றில் தூசி வெகுவாகக் குறைந்தது. பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஒரு விசிறி, ஒரு தகரக் குழாய், ஒரு பை. ஏற்கெனவே நோய் கண்டவர்களுக்குத்தான் அது பயன்படவில்லை.

சட்டத்துக்கு இது தெரியாததல்ல. தூசி எழும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் உறிஞ்சும் கருவி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவே சொன்னது. ஆனால் மின்சாரம் இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட், சூதுபவள மணிகளைத் தீட்டும் குடும்பம் இந்தக் கணக்கில் எங்கே வரும்? பக்கத்து லோதலில் ஹரப்பா காலத்திலேயே இருந்த தொழில் இது. வீட்டு முற்றத்தில் எமரி சக்கரம் மின்சாரத்தில் சுழல்கிறது. தீட்டுபவர், சோறு வடிப்பவர், தொட்டிலில் கிடப்பது எல்லோருக்கும் ஒரே காற்று. ஆமதாபாத் நிறுவனம் இவர்களுக்கும் உறிஞ்சும் கருவியை வடிவமைத்துத் தந்தது. ஆனால் கருவியை மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. பையை உதற வேண்டும், குழாய் அடைத்தால் குத்த வேண்டும், மின்கட்டணமும் ஏறும். தீட்டிய மணிக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கு. உதறுகிற நேரத்துக்குக் கூலி இல்லை.

பழைய ரம்பத்தையோ இழைப்பு இயந்திரத்தையோ தேடிப்பிடித்து, பெயின்ட் அடித்து ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். அவர்கள் வேக்குவம் வாங்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. அரிசி மில் கூரைமேல் தலைகீழாக நிற்கும் தகரக் கூம்பை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். காற்று அதற்குள் பக்கவாட்டில் நுழைந்து சுழல்கிறது. கனமான தூள் சுவரில் மோதிக் கீழே வழிகிறது. இலேசான காற்று நடுவழியே மேலே போகிறது. கூம்புக்குள் அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. தகடும் வெல்டிங்கும் உள்ள எந்தப் பட்டறையும் அதைச் செய்துகொள்ளலாம். மரச்சீவலுக்கு அது போதும். நுண்தூள் தப்பிவிடும் என்பதால் பின்னால் ஒரு நல்ல வடிகட்டிப் பையும் வேண்டும். கல் அறுப்பவர்களுக்கு இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு: ரம்பத்தின்மேல் விடாமல் விழும் தண்ணீர்.