பழைய கணினியில் உறங்கும் பாடல்கள்



பிழைப்புக்காக நகரத்திற்கு வந்த நம்மில் பலர் வாடகை வீடு மாறிப் பழகியவர்கள். ஒவ்வொரு முறை சாமான் கட்டும்போதும் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பழைய கணினியும், ரப்பர் வளையம் போட்ட சில ஃபிளாப்பிகளும் வெளியே வரும். "இது இனி எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதற்கு முன் சற்றுப் பொறுங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் நீங்களோ உங்கள் சகோதரனோ இரவெல்லாம் கண்விழித்துக் கீபோர்டில் அமைத்த இசை அதற்குள் இருக்கக்கூடும். இன்று நம்மோடு இல்லாத ஒருவரின் குரலும் அங்கே இருக்கக்கூடும்.

அந்த இசையை இன்றைய மென்பொருளுக்குக் கொண்டுவர முடியும். ஆனால் அந்த வேலையைப் பழைய கணினியில்தான் தொடங்க வேண்டும். அது இயங்கும் காலத்திலேயே தொடங்க வேண்டும்.

மிடி எதைச் சேமிக்கிறது?

வெவ்வேறு நிறுவனங்களின் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1983-ஆம் ஆண்டில் மிடி என்னும் பொது முறை வெளியிடப்பட்டது. இதற்காக உழைத்த அமெரிக்கர் டேவ் ஸ்மித்துக்கும் ஜப்பானியர் இகுடாரோ காகேஹாஷிக்கும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

மிடிக் கோப்பில் ஒலி கிடையாது. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் குறிப்புகளே அதில் உள்ளன. சமையல் குறிப்பை எழுதி வைப்பதற்கு இதை ஒப்பிடலாம். குறிப்பு கைக்கு வந்தாலும், அதே சுவை வருவது அடுக்களையில் உள்ள பொருள்களைப் பொறுத்தது. பழைய பாடலைப் புதிய மென்பொருளில் திறந்தவுடன் "இது நம் பாடல்தானா?" என்று திகைப்பதற்குக் காரணம் இதுவே.

மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு

1987-இல் டாஸ் கணினிகளுக்காக வெளிவந்த கேக்வாக் மென்பொருளைப் பாருங்கள். 2013-இல் கிப்சன் நிறுவனம் அதை வாங்கியது. 2017 நவம்பரில் அதன் உருவாக்கத்தை நிறுத்தியது. 2018-இல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் நிறுவனம் ஏற்றுக்கொண்டபடியால் அது பிழைத்தது. இன்று கேக்வாக் சோனார் என்னும் பெயரில் கிடைக்கிறது. லாஜிக் மென்பொருளை விண்டோஸில் பயன்படுத்தியவர்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 2002-இல் ஆப்பிள் நிறுவனம் அதை வாங்கியதும் விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டது.

ஆகவே அந்தந்த மென்பொருளின் சொந்தக் கோப்பை மட்டும் நம்பியிருக்கலாகாது. எல்லா மென்பொருளும் படிக்கக்கூடிய ஸ்டாண்டர்ட் மிடி கோப்பாகவும் மாற்றி வையுங்கள்.

செய்ய வேண்டியவை

முதலாவது, நகல் எடுங்கள். ஃபிளாப்பியின் மூலையிலுள்ள சிறு தடுப்பை நகர்த்தித் துளையைத் திறந்துவிட்டால், தவறுதலாக அதில் எதுவும் எழுதப்படாது. யு.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவ் மூலம் கோப்புகளை இன்றைய கணினிக்கு மாற்றலாம். தகட்டில் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். டிரைவும் கெடும், தகடும் கெடும்.

இரண்டாவது, பாடலைப் பழைய மென்பொருளில் திறந்து முழுவதும் கேளுங்கள். சுருதி மாற்றம், தாளத் திருத்தம், திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டுகள் ஆகியவை திரையில் அமைப்பாக மட்டும் இருக்கக்கூடும். ஏற்றுமதிக்கு முன் அவற்றைச் சுரங்களிலேயே நிலையாகப் பதியச் செய்யுங்கள். ஊமையாக்கிய டிராக்குகளையும் திறந்துவிடுங்கள். சில மென்பொருள்கள் அவற்றை விட்டுவிடும்.

மூன்றாவது, மிடிக் கோப்பாகச் சேமிக்கும்போது "ஃபார்மட் 1" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் டிராக்குகள் தனித்தனியே நிற்கும். "ஃபார்மட் 0" எல்லாவற்றையும் ஒரே டிராக்கில் கலந்துவிடும்.

நான்காவது, ஒரு காகிதத்தை எடுத்து ஒவ்வொரு டிராக்கிலும் எந்த ஒலி, எந்தக் கீபோர்டு, எந்த எண் என்று எழுதி வையுங்கள். அற்பமாகத் தோன்றும் இந்தக் காகிதமே பின்னர் பல மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தும்.

நம் இசைக்கே உரிய இரண்டு சிக்கல்கள்

1991-இல் வந்த ஜெனரல் மிடி என்னும் ஒழுங்கு 128 ஒலிகளுக்கு எண் கொடுத்தது; தாளக் கருவிகளுக்குப் பத்தாம் சானலை ஒதுக்கியது. அந்தப் பட்டியலில் 105-ஆவதாக சிதார் உண்டு, 112-ஆவதாக ஷெனாய் உண்டு. தபலாவும் மிருதங்கமும் வீணையும் இல்லை. கீபோர்டு நிறுவனங்கள் தபலாவைத் தங்கள் சொந்த ஒலித்தொகுப்பில் வைத்தன. ஆகவே நீங்கள் அமைத்த தபலா, புதிய மென்பொருளில் மேலைநாட்டு டிரம்மாகவோ மணியாகவோ ஒலிக்கலாம். பாடல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். குறிப்புகள் பத்திரமாகவே உள்ளன. அந்த டிராக்குக்குத் தபலா ஒலியைக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லையும் உரிய கட்டைக்கு மாற்றினால் போதும்.

அடுத்தது கமகம். பிட்ச் சக்கரத்தை அசைத்து நாம் வாசிக்கும் வளைவுகள் மிடியில் பதிவாகின்றன. ஆனால் சக்கரத்தை முழுவதும் தள்ளினால் சுரம் எவ்வளவு நகரும் என்பது தனி அமைப்பு. பொதுவாக அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம். நீங்கள் கீபோர்டில் அதை ஐந்தாகவோ ஏழாகவோ கூட்டி வைத்திருந்து, அந்த அளவு கோப்பில் பதிவாகாமல் போயிருந்தால், புதிய மென்பொருளில் கமகம் சுருங்கி அபசுரமாகக் கேட்கும். மென்பொருளின் ஒலிக்கருவியில் அதே அளவை வைத்தவுடன் சுரம் தன் இடத்திற்கு வந்துவிடும்.

பழைய கீபோர்டு இன்னும் வேலை செய்கிறதா? அது பெரும் பாக்கியம். மிடிக் கேபிளால் புதிய கணினியோடு இணைத்துக் கோப்பை அதிலேயே வாசிக்கச் செய்து, அதன் ஒலியைப் பதிவு செய்யுங்கள். 1983-இன் ஐந்து ஊசி இணைப்பு இன்றும் வழக்கில் உள்ளது.

குரலை மறவாதீர்கள்

மிடிக் கோப்பில் குரல் வராது. பழைய மென்பொருளில் யாராவது பாடிப் பதிவு செய்திருந்தால், ஒவ்வொரு குரல் டிராக்கையும் பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்து தனித்தனி வேவ் கோப்பாக எடுங்கள். பாட்டு இரண்டாம் நிமிடத்தில் தொடங்கினாலும், முதலிலுள்ள மௌனத்தோடு சேர்த்தே எடுங்கள். அப்போதுதான் புதிய மென்பொருளில் வைத்தவுடன் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். முழுப் பாடலையும் ஒரு வேவ் கோப்பாக எடுத்து வைத்தால், முதலில் எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இறுதியாக மூலக்கோப்பு, மிடிக் கோப்பு, வேவ் கோப்புகள், காகிதக் குறிப்பின் படம் ஆகிய நான்கையும் ஒரே உறையில் இட்டு, இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டியதில்லை. ஒரு விடுமுறை நாளில் ஒரு பாடல் போதும். எல்லாவற்றுக்கும் முன்பாகக் குரல் உள்ள பாடலை எடுங்கள். சுரங்களை மீண்டும் வாசித்துவிடலாம். போனவர் மீண்டும் வந்து பாடமாட்டார்.